ஏழாம் நம்பர் கேட்டு

உக்காரு சார், உக்காரு. அது யாரு சீட்டும் இல்ல. டிக்கெட்டுல இந்த நம்பர் தான போட்டுக்கீது? அப்ப உன்னுது தான், இன்னாத்துக்கு தயங்குற. நான் பைய வச்சிருந்தேன், எடுத்துட்டேன், அவ்ளோ தான். பக்கத்துல ஆள் இல்லாட்டி கையி தானா பைய வச்சிடுது.

மொத வாட்டியா ஸ்டேடியத்துக்கு? மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கீது. டிக்கெட்டுல போட்ட டயத்த நம்பி கரெக்டா வந்துட்ட பாரு. இன்னும் நேரம் கீது சார். மொதல்ல டான்ஸு, அப்பால வெளம்பரம், அப்பால எவனாவது ஒரு ஹீரோ வந்து கைய ஆட்டுவான். பந்து உருள்றது எல்லாத்துக்கும் கடைசி. அதுவரைக்கும் பேசிகினு இருக்கலாம். நீ ஒண்ணும் பேச வேணாம், நான் பேசறேன். என் வூட்டுக்காரியே சொல்லுவா, உன் வாய்க்கு தனியா ஒரு ரேஷன் கார்டு போடணும்னு.

என்ன எங்கயாவது பாத்தாப்புல இல்ல? வெளிய பஸ் ஸ்டாப்பாண்ட பெரிய போர்டு வச்சிருக்கான் பாரு, ஒருத்தன் வாய ஆன்னு தொறந்துகினு, கயுத்து நரம்பு பொடச்சிகினு, தலையில பச்ச துண்டு கட்டிகினு? நாந்தான் சார் அது. தசரதன். புளியந்தோப்பு. ஷேர் ஆட்டோ ஓட்டறேன். பெரம்பூர் பெரம்பூர் பெரம்பூர்னு கூவிக் கூவி வந்த கொரலு இது. நெய்தல் எஃப்.சி. ஃபுட்பால் கிளப்பு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்த ஸ்டேடியத்துல கத்தறவன் நானு. மைக் எதுவும் கெடையாது. கடவுள் குடுத்த தொண்ட.

அந்த போர்டுல ஓரமா ரெண்டு கையி தெரியும். நீ கவனிச்சிருக்க மாட்ட, யாரும் கவனிக்க மாட்டாங்க. முட்டி வரைக்கும் தான் இருக்கும், மெல்லிசா ரெண்டு குச்சிய புடிச்சிகினு. அது கஜபதி கையி. மீதி ஆள கம்பெனிக்காரன் வெட்டிட்டான். போர்டுல எடம் பத்தலியாம்.

கஜபதி என் சிநேகிதன் சார். ஒரே சந்து, ஒரே ஸ்கூலு, ஒரே நாள்ல ஸ்கூல வுட்டு நின்னோம். இப்ப அவன் என்னாண்ட பேசறது இல்ல. ஒரு வருசம் ஆவப்போவுது. எல்லாம் இந்த கிளப்பு பண்ண வேல. ஒரே ஒரு டிக்கெட்டு சார். ஒரு டிக்கெட்டால ஒரு சிநேகிதம் போவுமா? போச்சே. அத்த தான் சொல்ல வரேன்.

அவன் மேளக்காரன். சாவு மேளம். எங்க பக்கம் ஒருத்தர் பூட்டாருன்னா மேள செட்டு வராம பொணம் எயும்பாது சார். கஜபதி அடிக்கிறது சட்டி. சின்னதா, குண்டு சட்டியாட்டம் இருக்கும், மேல தோலு. இடுப்புல கட்டிகினு ரெண்டு குச்சியால அடிப்பான். சின்ன வயசுல எடது கை சுண்டுவெரலு ஒடஞ்சி கோணலா சேந்துகிச்சு. அதனால எடது குச்சி கொஞ்சம் லூசா இருக்கும். ஒரு அடி அடிச்சா அதுவே இன்னொரு சின்ன அடி சேத்து அடிக்கும், ட்டக்குனு. வேற எவன் அடிச்சாலும் அது வராது. கண்ண கட்டி வுட்டாலும் நான் சொல்லிடுவேன், இது கஜா அடி.

எங்க தெரு டீம் ஆடறப்போ எல்லாம் நான் கத்துவேன், அவன் அடிப்பான். அப்பிடி ஒரு டோர்னமெண்ட்ல தான் நிர்மல் சார் எங்கள பாத்தாரு. கிளப்பு மேனேஜரு. சின்ன வயசு தான், கண்ணாடி, சுத்தமா இருப்பாரு. தங்கமான மனுசன். கிளப்பு அப்ப தான் ஆரம்பிச்சிருந்தாங்க. ஸ்டேடியத்துல ஆளே கெடையாது, காக்கா தான் உக்காந்துகினு மேட்ச் பாத்துச்சு. அவரு வந்து என் கைய புடிச்சிகினு, "அண்ணா, நீங்க எல்லாரும் வந்தா போதும், எங்களுக்கு அந்த சத்தம் வேணும். டிக்கெட் எல்லாம் வேணாம், மேளத்தோட ஏழாம் நம்பர் கேட்ல வாங்க, நான் சொல்லி வைக்கிறேன்"னாரு.

ஏழாம் நம்பர் கேட்டு இன்னான்னு உனக்கு தெரியாது. பின்னால, ஜெனரேட்டர் ரூமாண்ட. தண்ணி லாரி போற வழி. அங்க தான் நாங்க மேளத்த காய்ச்சுவோம். தோலு வெறப்பா இருந்தா தான் சத்தம் வரும், பேப்பர கொளுத்தி அனல்ல காட்டணும். உள்ள நெருப்பு கூடாதுன்னு செவுத்துக்கு வெளிய ஓரமா குந்திகினு காய்ச்சுவான் கஜா. காய்ச்சிட்டு வெரலால ஒரு தட்டு. காதாண்ட வச்சி கேப்பான். இன்னொரு தட்டு. அப்பால என்ன பாத்து தலைய ஆட்டுவான். வாட்ச்மேன் கேட்ட தொறப்பான். அடிச்சிகினே உள்ள வருவோம் பாரு, மொத்த ஸ்டேடியமும் திரும்பும்.

முன்னால கேட்ல ஜனம் போன்ல டிக்கெட்ட காமிச்சி, மெஷின்ல கீக்குனு சத்தம் வந்தா தான் உள்ள போவும். நாங்க அதுங்கள பாத்து சிரிப்போம் சார். இன்னாடா பொயப்பு இது, மேட்சு பாக்க மெஷினாண்ட பர்மிசன் கேக்குறானுங்க. எங்களுக்கு டிக்கெட்டா? நாங்க தான்டா மேட்சே. அப்பிடி ஒரு தெனாவெட்டு. கஜா மட்டும் ஒரு வாட்டி சொன்னான், "டேய் தசா, நாமளும் அந்த மெஷின்ல ஒரு வாட்டி காமிச்சிட்டு போலாம்டா, ஒரு கணக்குக்கு." நான் திட்டி வுட்டேன். ராஜா மாரி போறத வுட்டுட்டு கியூல நிக்கணுமாடான்னு.

அந்த நாளு எல்லாம் இன்னா குஜாலு தெரியுமா. நான் எயுந்து நின்னு, "கடலு யாருது?"ன்னு ஒரு கொரலு வுடுவேன். வுட்டுட்டு கம்முனு நிப்பேன். அந்த கேப்புல கஜா ஒரு உருட்டு உருட்டுவான். அவன் உருட்டி முடிக்கற எடத்துல மொத்த ஜனமும், "நம்மளுது!" "அல யாருது?" உருட்டு. "நம்மளுது!" அந்த கேப்பு தான் சார் வெசயமே. அவன் எவ்ளோ நேரம் இஸ்துகினு போவான்னு எவனுக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. பந்து நம்ம காலுக்கு வரவரைக்கும் இஸ்துகினே இருப்பான். வந்தவுடனே வுடுவான். ஜனம் வெடிக்கும்.

எதிர் டீமு கோல் வாங்குச்சுன்னா அசல் சாவு மேளம். ஊர்வலத்துக்கு அடிக்கிறது. ஒரு வாட்டி ஒரு பிரேசில்காரன், டிஃபென்ஸ்ல ஆடறவன், அவன் டீமே கோல் வாங்கிட்டு நிக்குது, இவன் எங்க மேளத்துக்கு இடுப்ப ஆட்டிகினு நிக்கிறான். நம்ம பையன் ஒருத்தன் போயி இங்கிலீசுல சொன்னான், இது உன் பொணத்துக்கு அடிக்கிறதுன்னு. அவன் மூஞ்சிய பாக்கணுமே! நெஞ்சுல சிலுவ போட்டுகினான். கஜா சிரிச்சி சிரிச்சி குச்சிய கீய போட்டுட்டான்.

டிவியில எங்கள காட்டுவாங்க. கிளப்பு ஆளு வந்து வீடியோ எடுப்பான், மேளத்தாண்ட ஒரு மைக்க வச்சி எடுப்பான், "சவுண்டு சூப்பரா கீதுண்ணே, இன்னொரு வாட்டி அடிங்க"ன்னுவான். கஜா அடிப்பான். கேட்டா குடுக்குறது தான. டீ வாங்கிக் குடுத்தா போதும் அவனுக்கு.

அப்பால தான் அந்த ஃபைனலு.

நம்ம டீமு ஃபைனலுக்கு வந்துச்சு, அதுவும் நம்ம ஸ்டேடியத்துலயே. எங்க தெருவே மெர்சலாயி கெடக்குது. கஜா புதுசா தோலு மாத்துனான் மேளத்துக்கு. அதுக்குன்னு ஒருத்தன் கீறான் ஓட்டேரில, அவனாண்ட போயி நாள் பூரா குந்தி, சொல்லிச் சொல்லி இயுத்துக் கட்டிகினு வந்தான். அவன் அவ்ளோ சந்தோசமா இருந்து நான் பாத்தது இல்ல. கல்யாணத்துக்குக் கூட அவ்ளோ சிரிக்கல.

அப்ப ஒருத்தன் வந்து சொல்றான், இந்த வாட்டி ஏழாம் நம்பர் கேட்டு கெடையாது, எல்லாருக்கும் டிக்கெட்டு, அதுவும் பழைய ரசிகருங்களுக்கு தான் மொதல்ல, யாரு நெறய மேட்ச் வந்தாங்களோ அவங்களுக்கு மொதல்லன்னு. நான் இன்னா நெனைப்பேன்? நம்மள வுட்டா பழைய ரசிகன் எவன் கீறான்னு தான நெனைப்பேன். நானும் கஜாவும் கெளம்பி கிளப்பு ஆபீசுக்கு போனோம். ஏசி ரூமு. ஒரு பொண்ணு உக்காந்துகினு இருந்துச்சு, நல்ல பொண்ணு தான், தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு. போன் நம்பர் கேட்டுச்சு. என்னுது குடுத்தேன், கஜாவுது குடுத்தேன். தட்டிப் பாத்துச்சு. இன்னொரு வாட்டி தட்டிப் பாத்துச்சு. அப்பால சொல்லுது:

"நீங்க இதுவரைக்கும் ஒரு மேட்ச் கூட வந்ததில்லையே சார்."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சத்தியமா சிரிச்சேன். அந்த பொண்ணுக்கு பின்னால செவுத்துல, தரையிலேர்ந்து கூர வரைக்கும் என் மூஞ்சி சார்! வாய ஆன்னு தொறந்துகினு! "யம்மா, திரும்பிப் பாரும்மா, அது யாரு"ன்னேன். திரும்பிப் பாத்துச்சு, என்ன பாத்துச்சு, "நீங்க தான் சார், ஆனா சிஸ்டம்ல இல்ல"ன்னுச்சு. மெஷின்ல கீக்குன்னாதான் வந்த கணக்காம். நாங்க தான் மெஷினாண்டயே போனது இல்லியே.

கஜா அந்த போர்டையே பாத்துகினு இருந்தான். ஓரத்துல கீற ரெண்டு கைய.

சத்தம் கேட்டு நிர்மல் சார் வந்தாரு. என்ன பாத்ததும் கட்டிப் புடிச்சிகினாரு. அத்தினி பேரு முன்னால. "அண்ணா, உங்கள மறப்பமா? நீங்க தான் இந்த வருசத்து நம்ம ரசிகர், மேட்ச்சுக்கு முன்னாடி கிரவுண்டுல உங்களுக்கு சால்வ போடறோம், இன்விடேசன் ரெடி"ன்னாரு. ஒரு கவரு குடுத்தாரு. கெட்டி அட்ட, தங்கக் கலர்ல எயுத்து, மோந்து பாத்தா சென்ட்டு வாசன வருது.

நான் கேட்டேன் சார். கேக்காம இல்ல. "சார், கஜாவுக்கு?"ன்னு கேட்டேன். அவரு மூஞ்சி ஒரு மாரி ஆயிடுச்சு. "ஒண்ணு தாண்ணா குடுத்திருக்காங்க, மேல இருந்து. மேளமும் ஃபைனலுக்கு அலோவ் இல்ல, செக்யூரிட்டி ரூல்சு. அண்ணனுக்கு அடுத்த சீசன் கண்டிப்பா பாத்துக்கலாம்"னாரு. பாவம், அவரு இன்னா பண்ணுவாரு. மேல இருக்கறவனுங்க அப்பிடி.

நான் கவர கையில வச்சிகினு கஜாவ பாத்தேன். கஜா, "நீ வாங்கிக்கோடா"ன்னான்.

அவனே தான் சார் சொன்னான். நல்லா கேட்டுக்கோ. நான் ஒண்ணும் அலையல. அவனே சொன்னான், வாங்கிக்கோடான்னு. "டேய், நெசமாவா"ன்னு கேட்டேன். "மூஞ்சி உன்னுது தான, வாங்கிக்கோ"ன்னான். அப்பால நான் இன்னா பண்ணணும்ன்ற? வேணாம்னு தூக்கிப் போட்டா அந்த சீட்டுல கஜாவயா உக்கார வைப்பான்? எவனாவது பணக்காரன் பையன் வந்து உக்காருவான். நீயே சொல்லு. நீயா இருந்தா இன்னா பண்ணிருப்ப? இல்ல, நீ சொல்ல வேணாம் வுடு.

மத்தவனுங்க எல்லாம் பிளாக்குல கேட்டுப் பாத்தானுங்க, வெலைய கேட்டு மயக்கம் வராத கொற தான். தெரு முனையில டிவி கட்டிட்டானுங்க. கஜாவ அங்கயே பாருடான்னேன். கேக்கல. ஃபைனல் அன்னிக்கி என் ஆட்டோலயே வந்தான். மேளத்தோட. புது தோலு கட்டுன மேளம். "டேய், வுட மாட்டாங்கடா"ன்னேன். "தெரியும்"னான். "அப்பால எதுக்குடா?" "சும்மா தான்."

ஏழாம் நம்பர் கேட்டுக்கு போயி பாத்தா அடையாளமே தெரீல சார். சிவப்பு கம்பளம் விரிச்சிருக்கான், ரெண்டு பக்கமும் பூந்தொட்டி, கோட்டு போட்டவன் நிக்கிறான். கம்பெனிக்காரங்க கார் வர்ற வழியாம் இனிமே. பழைய வாட்ச்மேன காணோம். கஜா எதிர் பக்கம் பிளாட்பாரத்துல குந்தி பேப்பர கொளுத்தி மேளத்த காய்ச்ச ஆரம்பிச்சிட்டான். எனக்கு லேட் ஆவுது, சால்வ போடறாங்கல்ல. "வரேன்டா"ன்னேன். அவன் மேளத்த காதாண்ட வச்சி தட்டிகினு இருந்தான்.

சால்வ போட்டாங்க. பெரிய ஸ்கிரீன்ல என்ன காட்னாங்க. என் வூட்டுக்காரி டிவில பாத்து அயுதாளாம். உக்கார வச்ச எடம் மெத்து மெத்துன்னு சோபா மாரி சீட்டு. பக்கத்துல எல்லாம் பெரிய எடம், சென்ட்டு வாசன. ஒரு சாண்ட்விச்சு குடுத்தாங்க டிஷ்யூ பேப்பர்ல சுத்தி. நான் சாப்புடல, கஜாவுக்குன்னு பாக்கெட்ல வச்சிகினேன். பாரு, அப்பக் கூட அவன் நெனப்பு தான் எனக்கு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. நான் எயுந்து நின்னு வுட்டேன் ஒரு கொரலு. "கடலு யாருது?"

ஒருத்தனும் பேசல சார். முன் சீட்டு அம்மா திரும்பி என்ன பாத்துச்சு, அப்பால போன பாத்துச்சு. நான் நின்னுகினே இருந்தேன். அந்த கேப்புல கஜா உருட்டணும் இல்ல? ஒண்ணும் இல்ல. நான் வுட்ட கொரலு மேல போயி, வயி தெரியாம நின்னுச்சு. வெக்கமா பூட்சு. உக்காந்துட்டேன். பொறந்ததுலேர்ந்து எனக்கு வெக்கம்னா இன்னான்னு தெரியாது சார், அன்னிக்கி தெரிஞ்சுது.

கொஞ்ச நேரம் கயிச்சி ஸ்பீக்கர்ல மேளம் வருது.

நான் அப்பிடியே வெறச்சிட்டேன். ட்டக்கு, ட்டக்குன்னு அந்த எடது குச்சி. கஜா அடி சார்! என் கஜா! எப்பவோ அந்த வீடியோக்காரன் மைக்க வச்சி எடுத்தான் பாரு, அத்த போடறானுங்க. கூர பூரா ஸ்பீக்கரு, ஸ்டேடியமே அதிருது. ஒடம்பு புல்லரிச்சி பூட்சு எனக்கு. கண்ணுல தண்ணி. பக்கத்துல கீறவன புடிச்சி உலுக்குனேன், "சார், இது என் சிநேகிதன் சார், என் சிநேகிதன் அடிக்கிறான்"னு. அவன் ஓகே ஓகேன்னான்.

எயுந்து நின்னு திரும்ப வுட்டேன், "கடலு யாருது?" ஆனா பாரு, அந்த மேளம் எனக்கு நிக்கல. நான் கத்தி முடிக்கறதுக்குள்ள அது பாட்டுக்கு ஓடிடுச்சு. பந்து எங்க கீதுன்னு அதுக்கு இன்னா தெரியும்? வெளிய போன பந்துக்கு உருட்டுது, நம்ம ஆளு வலியில வியுந்து கெடக்கும்போது உருட்டுது. பரவால்லன்னு நான் அதுக்கு ஏத்தாப்புல கத்த ஆரம்பிச்சேன். மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, அப்பால பழகிடுச்சு. ஜனம் கை தட்டுச்சு. கடைசில நம்மாளு ஒரு கோல் போட்டான் பாரு, ஜெயிச்சோம் சார்! கப்பு நம்மளுது! வாணவேடிக்க இன்னா, பேப்பர் மய இன்னா, ஸ்பீக்கர்ல கஜாவோட சாவு மேளம் வேற. நான் ஆடுனேன். சால்வையோட ஆடுனேன்.

ஆடி முடிச்சி ஓடுனேன் வெளிய. யாராண்ட சொல்லணும் மொதல்ல? கஜாவாண்ட தான. அவன் வுட்ட எடத்துலயே குந்திகினு இருந்தான். மேளம் மடியில. பேப்பரு எல்லாம் எரிஞ்சி கருப்பா கெடக்குது காலாண்ட. வாணம் வெடிக்கிற வெளிச்சத்துல அவன் மூஞ்சி செகப்பாவும் பச்சையாவும் மாறிகினு இருந்துச்சு.

"டேய் கஜா, கேட்டியாடா? உன் மேளம் தான்டா போட்டானுங்க! ஃபுல்லா உன் மேளம் தான்! நீ உள்ள இருந்தாப்புலயே இருந்துச்சுடா!"

அவன் தலைய தூக்கி என்ன பாத்தான். "கேட்டுச்சு. நல்லா இருந்துச்சா?"ன்னான்.

"நல்லாவா? நீ நேர்ல அடிச்சாக் கூட அவ்ளோ சவுண்டு வராதுடா!"ன்னேன்.

எவ்ளோ பெருமையா சொன்னேன் தெரியுமா சார். சிநேகிதன் வேலைய அதுக்கு மேல எவனாவது பாராட்டுவானா? சாண்ட்விச்ச எடுத்து கையில குடுத்தேன். நசுங்கிப் போயி இருந்துச்சு. வாங்கிகினான். திங்கல, கையிலயே வச்சிகினு இருந்தான். அப்பால மேளத்தோட வார அவுத்தான். கவுத்த லூசு பண்ணான், தோலு தொங்கற வரைக்கும் லூசு பண்ணான். "வா, போலாம்"னான். ஆட்டோல வரும்போது நான் தான் வயி பூரா பாடிகினே வந்தேன். அவன் பின்னால உக்காந்துகினு இருந்தான். டயர்டா இருப்பான்னு நெனச்சேன்.

அதுலேர்ந்து தான் சார். கூப்ட்டா கை வலின்றான். வூட்டுக்கு போனா அவன் பொண்டாட்டி வாசல்ல நின்னுகினு, "தூங்குறாருண்ணே"ன்னும். பட்டப்பகல்ல. ஸ்பீக்கர்ல அவன் மேளம் வந்தத நான் போன்ல புடிச்சி வச்சிருந்தேன், சந்தோசப்படுவான்னு அனுப்பி வச்சேன். பாத்தானா தெரீல. இந்த சீசனுக்கு எனக்கு பாசு கொரியர்ல வந்துச்சு, வருசம் பூரா இந்த சீட்டு. கஜாவுக்கும் கேட்டு நிர்மல் சாரு பின்னாலயே அலஞ்சேன். பாக்கலாம்ணா, பாக்கலாம்ணான்றாரு. நெசமா பாப்பாரு. அவுரு மேல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா கிளப்ப மன்னிக்க மாட்டேன் சார். ரெண்டு டிக்கெட்டு குடுத்திருந்தா இன்னா கொறஞ்சா போயிருப்பானுங்க? ஒண்ண குடுத்து எங்கள பிரிச்சி வுட்டானுங்க. நான் இன்னா தப்பு பண்ணேன் சொல்லு. அவனே தான வாங்கிக்கோன்னான்.

வுடு. இன்னொண்ணு சொல்லிட்டு நிறுத்திடறேன்.

போன மாசம் எங்கம்மா தவறிடுச்சு. வயசாச்சு, படுத்த படுக்கையா கெடந்துச்சு. கஜாவுக்கும் அது அம்மா மாரி தான் சார், அவன் அம்மா சின்னதுலயே பூட்டாங்க, எங்கூட்ல தான் சோறு. எங்கம்மாவும் அவன் பேச்ச எடுத்தா, "என் பெரிய புள்ள"ன்னும். எனக்கு பொறாமையா கூட இருக்கும். நான் மேளத்துக்கு யாரையும் சொல்லி வுடல. எதுக்கு சொல்லணும்? சேதி தெரிஞ்சா கஜா வருவான். எம்மாம் கோவம் இருந்தாலும் இதுக்கு வருவான். எனக்கு அழுகைக்கு நடுவுல ஒரு சந்தோசம் கூட சார், தப்பா நெனைக்காத. அம்மா போயி எங்கள சேத்து வைக்குதுன்னு.

செட்டுக்காரனுங்களுக்கு ஒரு பழக்கம் கீது. வெளியாளு வூட்டு சாவுக்குப் போனா செட்டு சட்ட போட்டுகினு போவானுங்க, செகப்பு சட்ட, பளபளன்னு, முதுகுல செட்டு பேரு, கால்ல ஷூ. சொந்த வூட்டு சாவுக்கு அத்த போட மாட்டான். லுங்கியோட வருவான், வெறுங்காலோட, வந்து மொதல்ல தலமாட்டுல குந்துவான். அங்க குந்திகினே தான் மொத அடி அடிப்பான். எங்கப்பா செத்தப்போ கஜா அப்பிடித் தான் அடிச்சான். கையி கியிஞ்சி ரத்தம் வர்ற வரைக்கும் அடிச்சான்.

அன்னிக்கி நல்ல மய. சாமியானா ஒயுவுது. தெரு முனையில மேள சத்தம். ட்டக்குனு காதுல வுயுந்த ஒடனே நான் எயுந்துட்டேன். "கஜா வந்துட்டான், கஜா வந்துட்டான்"னு சொல்லிகினே ஓடறேன்.

வந்தான் சார். செகப்பு சட்டையில வந்தான். செட்டு ஆளுங்களோட லைன்ல, ஷூ போட்டுகினு. உள்ள வரல. தெரு ஓரமா மத்தவனுங்களோட நின்னுகினு அடிச்சான். கொற சொல்ல முடியாது, அவ்ளோ நல்லா அடிச்சான். சுடுகாடு வரைக்கும் ஒரு எடத்துல கூட தப்பல. என் பக்கம் திரும்பல. நான் கொள்ளிச் சட்டிய தூக்கிகினு திரும்பித் திரும்பி பாத்துகினே போறேன், சொந்தக்காரன் எவனோ, முன்னால பாத்து நடன்றான்.

மயைக்கு சார். வேற துணி காஞ்சிருக்காது. அதான் செட்டு சட்ட போட்டிருப்பான். ஷூவும் அதுக்குத் தான், தெருவெல்லாம் சேறு.

எல்லாம் முடிஞ்சி சுடுகாட்டு வாசல்ல நிக்கறேன். செட்டு ஆளுங்க மேளத்த எல்லாம் வண்டில ஏத்துறானுங்க. கஜா என் பக்கத்துல தான் போவணும், வேற வயி இல்ல. எனக்கு தொண்ட அடச்சிகினு இருக்குது. இந்த தொண்ட சார், அடச்சிகிச்சு. அவன் நின்னான். ரெண்டு கையும் எடுத்து கும்புட்டான். அவன் பொறந்ததுலேர்ந்து என்ன டேய் தசாவ தவுர வேற ஒண்ணும் கூப்ட்டது இல்ல.

"வரோம் சார்"ன்னான். வண்டில ஏறிட்டான்.

என்னப் போயி சார்னான். நான் உன்ன கூப்புடறேன் பாரு, அதே மாரி.

ஒரு நாளைக்கு எத்தினி சாவு வூட்டுக்குப் போறான், எத்தினி பேராண்ட வரோம் சார், வரோம் சார்னு சொல்றான். வாய் தவறி தான வந்துருக்கும்? அப்பிடித் தான சார்? வாய் தவறி தான?